முப்பது அடி போதும்

ரேடியோ டவர் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் உயரத்தைத்தான் கேட்கிறார்கள். அது தப்பு. முதலில் பார்க்க வேண்டியது அடிப்பாகம். கீழே எப்படி நிற்கப் போகிறது என்று தெரிந்துவிட்டால், மேலே எவ்வளவு போகலாம் என்பது தன்னாலே தெரிந்துவிடும். மூன்று மாதம் கேட்லாக்குகளைப் புரட்டிப் புரட்டி நான் கற்றுக்கொண்டது இது.

நடந்ததை என் கைப்பட எழுதிக் கொடுக்கச் சொன்னீர்கள். எனக்கும் அதுதான் வசதி. வாயால் சொல்ல ஆரம்பித்தால் ஊரைச் சுற்றி வருவேன் என்று குட்டி எப்போதும் கிண்டல் செய்வான். எழுதினால் ஓரளவு நேராகப் போவேன்.

நான் லிஃப்ட் மெக்கானிக். முப்பத்தோரு வருடமாக அதே வேலை. நான் பார்த்துக்கொண்ட எந்த லிஃப்டிலும் ஒருவருக்கும் நகம்கூடப் பெயர்ந்ததில்லை. விசாரித்துப் பாருங்கள், சொல்வார்கள். இரும்புக் கம்பி எப்போது பேசாமல் இருக்கும், எப்போது முனகும் என்பது என் உள்ளங்கைக்குத் தெரியும்.

குட்டி என் தம்பி. முப்பத்து நான்கு வயது, ஆறடிக்கு ஒரு விரல் குறைவு. அந்த ஆளைப் போய்க் குட்டி என்று கூப்பிடுவதைக் கேட்டு, அவன் கட்டிக்கொள்ள இருந்த டீச்சர் முதல் நாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அம்மா போனபோது அவனுக்கு ஐந்து வயது, எனக்குப் பத்தொன்பது. அப்பா அதற்கு முன்பே போய்விட்டார். அவனுக்குத் தலை வாரியது, பல் தேய்த்துவிட்டது, பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டது எல்லாம் நான்தான். எனக்கு வரன் கொண்டுவந்தவர்களிடம், தம்பி பெரியவனாகட்டும் என்றேன். அவன் பெரியவனானபோது அவர்கள் வருவதை நிறுத்தியிருந்தார்கள்.

அவனுக்குப் பதினொரு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து வலது கால் எலும்பு முறிந்தது. மாவுக்கட்டுப் போட்டு மூன்று மாதம் வீட்டில் படுத்திருந்தான். என் வாழ்க்கையில் நான் நன்றாக இருந்த நாட்கள் எவை என்று கேட்டால் அந்த மூன்று மாதத்தைத்தான் சொல்வேன். வேலை முடிந்ததும் கால் தரையில் பாவாமல் ஓடி வருவேன். என் காலடிச் சத்தம் கேட்டதும் உள்ளேயிருந்து, “அண்ணா, வந்துட்டீங்களா?” என்பான். பொழுது போக வேண்டுமே என்று பழைய ரேடியோப் பெட்டி ஒன்றை வாங்கி வந்து இரண்டு பேரும் கட்டிலிலேயே பிரித்துப் போட்டோம். அப்படிப் பிடித்த பைத்தியம்தான் அவனை ஹாம் ரேடியோவில் கொண்டுபோய் விட்டது. பரீட்சை எழுதி உரிமம் வாங்கினான். முன்பின் தெரியாதவர்களோடு காற்றில் பேசுவான். வாயைத் திறக்காமல் விரலால் தட்டியே செய்தி அனுப்புகிற மோர்ஸ் கற்றுக்கொண்டான். எனக்கும் கற்றுக்கொடுக்கப் பார்த்தான். என் காதுக்கு எல்லாம் ஒரே பீப் பீப்தான்.

“உங்களுக்கு லிஃப்ட் பெல் மட்டும்தான் கேக்கும், விடுங்க” என்று கைவிட்டுவிட்டான்.

டீச்சரை அவன் பார்ப்பதற்கு முன்பே அவருடைய மோர்ஸைக் கேட்டுவிட்டான். ஐந்து மணி நேரப் பயணத் தொலைவில் ஒரு ஊரில் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறவர். அவர் விரல் மாதிரி ஒரு விரலைத் தான் கேட்டதே இல்லை என்றான். விரலைக் கேட்டுக் காதல் வந்தவனை நானும் கண்டதில்லை. இரண்டு வருடம் இப்படிப் போனது. பிறகு ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது சொன்னான்.

“அண்ணா, கல்யாணத்துக்கு அப்புறம் நான் அங்கயே போயிடலாம்னு இருக்கேன். டீச்சரால ஸ்கூல விட்டுட்டு வர முடியாது. எனக்கு ரிப்பேர் வேலை எங்க வேணாலும் கிடைக்கும்.”

“சரி” என்றேன்.

“நீங்களும் வந்துடுங்களேன்.”

“ரெண்டு ரூம் வீட்டுல உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நான் எங்க படுக்கறது? அலமாரி மேலயா?”

சிரித்தான். நானும் சிரித்தேன். தட்டைக் கழுவி வைத்துவிட்டு டீச்சரோடு பேசப் போனான். நான் அந்த நாற்காலியிலேயே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அழுதேன் என்று சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

அந்த வாரமே டவர் யோசனை வந்தது. டீச்சர் குடியிருக்கும் அடுக்குமாடியில் ஜன்னலுக்கு வெளியே ஒரு கம்பி நீட்டவும் அனுமதி இல்லை, அவரே பள்ளிக்கூடத்து ரேடியோவிலிருந்துதான் தட்டுவார். எங்கள் வீட்டில் தோட்டம் இருக்கிறது. டவர் வேண்டும் என்பது அவனுடைய பதினொரு வயதுக் கனவு. கல்யாணப் பரிசாக நான் வைத்துத் தருகிறேன், சனி ஞாயிறு வந்து ஆசை தீரப் பேசிவிட்டுப் போ என்றேன். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். டீச்சர் போனில், “அண்ணா, உங்களுக்குக் கோவம் இருக்குமோன்னு பயந்துட்டே இருந்தேன்” என்றார். எனக்கு என்னம்மா கோபம் என்றேன். உண்மையில் எனக்குக் கோபம் இல்லை.

இனி டவர் தேர்ந்தெடுத்ததைச் சொல்கிறேன். கடைக்காரர் கெட்டிக்காரர். வீட்டுக்கே வந்து இடம் பார்த்து, மடக்கு டவர்தான் சரி என்று ஒற்றைக்காலில் நின்றார்.

“சார், இந்தக் கைப்பிடியச் சுத்தினா டவர் அப்படியே தரையில படுத்துக்கும். நின்ன இடத்துலயே ஆன்டெனாவ மாட்டிட்டு மறுபடியும் நிமித்திடலாம். யாரும் ஏறவே வேண்டாம். உங்க தம்பி மேல ஒரு கீறல் விழாது.”

“மடக்கற எடம் தேயும்” என்றேன்.

“இருபது வருஷம் ஆகும் சார் தேய.”

“எனக்கு ஏறுற டவர்தான் வேணும்.”

“லிஃப்ட் வேலை பாக்கறவரு, ஏறிப் போறதுதான் நல்லதுங்கறீங்க. உங்க தொழிலுக்கே துரோகம் சார்” என்று சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது.

அடுத்தது அடிப்பாகம். ஒரு ரகத்தில் டவரின் கால்களைக் காங்கிரீட்டில் புதைத்துவிடுவார்கள். முப்பது அடி உயரம் என்றால் அதுவே தனியாக நிற்கும், கம்பி இழுத்துக் கட்டக்கூட வேண்டாம். இன்னொரு ரகம், அடியில் ஒரே ஒரு இரும்பு முளையின் மேல் உட்கார்ந்திருக்கும். மேலேயிருந்து மூன்று பக்கமும் ஸ்டே கம்பிகள் இழுத்துக் கட்டினால்தான் நிற்கும். மூன்றில் ஒன்று விட்டால், மற்ற இரண்டுக்கும் நடுவே போய் விழும். நான் முளை ரகத்தை எடுத்தேன். நிமிர்த்துவது எளிது, கழற்றுவதும் எளிது என்று குட்டியிடம் சொன்னேன். அதில் பொய் எதுவும் இல்லை.

உயரத்தில்தான் எங்களுக்குள் சின்ன மனத்தாங்கல் வந்தது. அவனுக்கு அறுபது அடி வேண்டும்.

“அறுபது அடி இருந்தா உலகத்தோட அந்தப் பக்கமே கேக்கும்ணா.”

“முப்பது அடி போதும்.”

“முப்பது அடியில பக்கத்துத் தெரு கூடக் கேக்காது.”

“முப்பதுக்கு மேல நீ ஏற நான் விட மாட்டேன். அவ்வளவுதான்.”

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இரண்டு நாள் இருந்தான். பிறகு, அண்ணனுக்குப் பயம், பாசம்தானே என்று டீச்சரிடம் சொல்லிச் சமாதானமானான். பாசம்தான். கட்டிக்கொண்டிருக்கும் கட்டடங்களில் லிஃப்ட் குழிக்குள் விழுந்த பெயின்டர்களையும் கொத்தனார்களையும் என் கையால் தூக்கியிருக்கிறேன். இரண்டு மாடி உயரம் என்றால் கால் போகும். நான்கு மாடி என்றால் ஆளே இல்லை. முப்பது அடி டவரில் ஆன்டெனா மாட்டுகிறவனுடைய கால் இருபத்தைந்து அடியில் இருக்கும். அறுபதுக்கு நான் எப்படிச் சம்மதிப்பேன்?

இதைப் படிக்கும்போது உங்களுக்கு எப்படி இருக்கும் என்று தெரிகிறது. கொஞ்சம் பொறுத்துப் படியுங்கள். நான் கேட்டது ஒரு கால்தான். அதுவும் மூன்று மாதத்துக்கு. கல்யாணம் தள்ளிப்போகும். அவன் கட்டிலில் இருப்பான், நான் வேலையிலிருந்து ஓடி வருவேன். அதற்குள் டீச்சருக்கும் மனம் மாறலாம், அவனுக்கும் மாறலாம். மாறாவிட்டால் கட்டிவைத்துவிடுவது என்றே இருந்தேன்.

டவருக்கும் கேட்டுக்கும் நடுவே இருந்த மண்ணை முழங்கால் ஆழம் வெட்டி, கல்லெல்லாம் பொறுக்கி, சல்லடையில் சலித்து, இலைச் சருகு கலந்து பஞ்சு மாதிரி ஆக்கி வைத்தேன். இரண்டு வாரம் பிடித்தது. பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்து, “என்ன, ரிடையர் ஆகறதுக்குள்ளயே விவசாயமா?” என்றார். மாடியில் கிடந்த கட்டிலைக் கீழே முன்னறைக்கு இறக்கி ஜன்னல் ஓரமாகப் போட்டேன். மருந்துக்கடையில் படுக்கையில் வைக்கும் பாத்திரம் ஒன்றை வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவைத்தேன். குட்டி கட்டிலைப் பார்த்துவிட்டு, “முட்டி வலிக்குதாண்ணா? சொல்லியிருந்தா நானே இறக்கியிருப்பேனே” என்றான். என் முழங்காலுக்கு அன்று அவனே தைலம் தேய்த்துவிட்டான்.

கல்யாணத்துக்குப் பதினோரு நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, காலை பத்து மணி, நல்ல வெயில். டவரை முந்தின நாளே நிமிர்த்திவிட்டோம். ஆன்டெனா மாட்டுவதுதான் பாக்கி. அவன் இடுப்பு வாரை நானே மாட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்தேன். தனியாக விழுந்தால் தலை அடிபடலாம், டவரோடு கட்டப்பட்டிருந்தால் அதோடு சேர்ந்து சாய்வான் என்பது என் கணக்கு. சுவர்ப் பக்கமே நின்று வேலை பார், கேட் பக்கம் போகாதே என்று மூன்று தடவை சொன்னேன். சுவர்ப் பக்கம் இருந்தால் டவர் கீழே, அவன் மேலே. சரி சரி என்றான். ஏறினான்.

கேட்டுக்கு எதிர்ப்பக்கம், சுவர் ஓரத்துக் கம்பியின் அடியில் டர்ன்பக்கிள் என்று ஒன்று இருக்கும். நடுச்சட்டத்தைத் திருகினால் கம்பி இறுகும், எதிர்ப்பக்கம் திருகினால் தளரும். அதன் பக்கத்தில் துணி துவைக்கிற கல் இருக்கிறது. அதன் மேல் உட்கார்ந்துகொண்டு திருக ஆரம்பித்தேன்.

டீச்சர் அன்று வருவதாகச் சொல்லவே இல்லை. டவரைப் பார்க்கும் ஆசையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருக்கிறார். தெருமுனையில் அவர் வருவதை மேலேயிருந்து பார்த்த குட்டி, கையாட்டுவதற்காகக் கேட் பக்கம் மாறினான். கம்பி விட்டது. டவர் கேட் பக்கமாகப் போனது. அவன் அடியில் போய்விட்டான். டீச்சர் ஒரு மணி நேரம் கழித்து வந்திருந்தால் குட்டி மூன்று மாதத்தில் எழுந்து நடந்திருப்பான். அவர் மேல் எனக்கு அந்த வருத்தம் இன்னும் இருக்கிறது.

முதுகுத்தண்டு. இடுப்புக்குக் கீழே இனி எதுவும் வராது என்று டாக்டர் சொன்னபோது என்னைத்தான் இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. எப்படி விழுந்தீங்க என்று டாக்டர் கேட்டார். குட்டி என்னைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

“கம்பி கழண்டுடுச்சு டாக்டர்” என்றான்.

தானாக என்று அவன் சேர்க்கவில்லை. அதை நான் கவனித்தேன். ஆனாலும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லையே, மன்னித்துவிட்டான் என்றே எடுத்துக்கொண்டேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு நான் பார்த்துக்கொண்டதைப் பற்றி நீங்கள் கூட்டி வந்த டாக்டரே நேற்றுச் சொன்னார். முதுகில் ஒரு புண் இல்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்கவைப்பேன். துடைத்துப் பவுடர் போடுவேன். வேலைக்கு நீண்ட விடுப்புப் போட்டுவிட்டேன். அவன் மட்டும் பேசவில்லை. தண்ணி என்பான், ஜன்னல் என்பான், போதும் என்பான். அண்ணா என்ற வார்த்தை மட்டும் அவன் வாயிலிருந்து வரவில்லை. முப்பது வருடம் அந்த ஒரு வார்த்தையைக் கேட்டுக்கொண்டே வீட்டுக்குள் நுழைந்தவன் நான். வாசலில் வேண்டுமென்றே செருப்பைச் சத்தமாகக் கழற்றிவிட்டு நிற்பேன். உள்ளே ஒரு சத்தமும் வராது. கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போவேன்.

டீச்சர் வாராவாரம் வந்தார். கேட்டிலேயே நிறுத்தி, அவன் யாரையும் பார்க்க விரும்பவில்லை அம்மா, உங்களைப் பார்த்தால் அழுகிறான் என்று சொல்லி அனுப்பினேன். குட்டியிடம், அவர் வருவதை நிறுத்திவிட்டார், சின்ன வயசு, அவரைக் குறை சொல்ல முடியாது என்றேன். அவனுடைய போன் விழுந்ததில் நொறுங்கிவிட்டது. வேறு வாங்கவில்லை. பழைய நினைப்பெல்லாம் கிளறும், எதற்கு என்று விட்டுவிட்டேன். இரண்டு பேருக்கும் அதுதான் நல்லது என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கேட்டில் கொஞ்சம் சத்தமாகப் பேசிவிட்டார். நான் திரும்பி வந்தபோது குட்டி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். சாயங்காலம்தான் வாயைத் திறந்தான்.

“ரேடியோவ இங்க கொண்டுவந்து வைங்க. மோர்ஸ் கீ போதும். மைக் வேண்டாம்.”

இரண்டு மாதத்தில் அவன் என்னிடம் பேசிய மிக நீண்ட பேச்சு அதுதான். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜன்னலிலிருந்து துணி காயப்போடுகிற கம்பம் வரைக்கும் நானே கம்பி இழுத்தேன். ரேடியோவைக் கட்டிலோரம் வைத்து, மோர்ஸ் தட்டுகிற அந்தக் கீயை அவன் கைக்கு வாகாகப் பலகையில் பொருத்தினேன். அது ஆடாமல் இருக்க அடியில் ரப்பர்கூட ஒட்டினேன்.

அன்றிலிருந்து தினமும் ஆறு மணிக்கு ஆரம்பிப்பான். காதில் எதையும் மாட்டிக்கொள்ள மாட்டான், ஸ்பீக்கரிலேயே வைப்பான். எனக்காகத்தான் அப்படி வைக்கிறான் என்று நினைத்தேன். காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். பீப் பீப் என்று போகும், திரும்பி வரும். யாருடா என்றால் “யாரோ” என்பான். என்ன பேசுகிறீர்கள் என்றால் “வெயில், மழை” என்பான். சில நாள் தட்டிக்கொண்டிருக்கும்போதே கண்ணில் தண்ணீர் வழியும். நான் துடைத்துவிடுவேன். விரல் நிற்காது. பழைய நாட்கள் திரும்பி வந்துவிட்டன என்று நான் சந்தோஷப்பட்டேன் என்பதை எழுதாமல் விட்டால் இது பொய்யாகிவிடும்.

நேற்று நீங்கள் போலீஸ் ஜீப்பில் டீச்சரோடு வந்தபோது, அவர் கையில் ஒரு பள்ளிக்கூட நோட்டு இருந்தது. நாற்பத்தோரு சாயங்காலம் அவன் தட்டியதையும் தான் தட்டியதையும் எழுத்து எழுத்தாக எழுதி வைத்திருக்கிறார். நீங்கள் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். முதல் நாள் அவன் கேட்டது, ‘நீங்க வர்றத நிறுத்தலையா?’ என்று. அவர் பதில், ‘வாராவாரம் வாசல்ல நின்னேன்.’ பத்தொன்பதாம் நாள் கம்பியைப் பற்றிச் சொல்லியிருக்கிறான். அதே நாள் கடைசி வரி, ‘பக்கத்துல உக்காந்து என் சட்டைய மடிச்சுட்டு இருக்கார்’ என்று. எந்தச் சட்டை என்றுகூட ஞாபகம் இருக்கிறது. நீலக் கட்டம் போட்டது.

நோட்டில் ஒரு இடத்திலாவது அண்ணன் என்று இருக்கிறதா என்று கேட்டேன். நீங்கள் புரட்டிப் பார்த்துவிட்டு, எல்லா இடத்திலும் அவர் என்றுதான் இருக்கிறது என்றீர்கள்.

பிறகு நீங்கள் கேட்ட ஒரே கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். கம்பி விடுவதற்கு முன் அவன் என்னைப் பார்த்தானா?

பார்த்தான். கம்பி தளரத் தளர டவர் லேசாகச் சாய்ந்தது. கேட் பக்கம் நின்றவன் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, “அண்ணா, டீச்சர் வந்துட்டாங்க” என்றான். அப்போது என் கையிலிருந்த ஸ்பேனரைப் பார்த்தான். அது எங்கே இருக்கிறது என்று பார்த்தான். சிரிப்பு போகவில்லை, அப்படியே முகத்தில் நின்றுவிட்டது. அவன் கத்தவில்லை. ரொம்ப மெதுவாக, “அண்ணா, கைய எடுங்க” என்றான்.

அதற்குப் பிறகு அவன் என்னை அண்ணா என்று கூப்பிடவில்லை.

டர்ன்பக்கிளில் இன்னும் இரண்டு சுற்று மிச்சம் இருந்தது. எதிர்ப்பக்கம் திருகி இறுக்கியிருக்கலாம். முப்பத்தோரு வருடமாக நான் செய்கிற வேலை அது, அரை நிமிடம் ஆகாது. அவன் நிற்கிற இடம் தப்பு, சாய்ந்தால் டவர் அவன் மேல்தான் விழும், காலோடு போகாது என்பதும் எனக்குத் தெரிந்தது. ஆனால் அவன் பார்த்துவிட்டான். இறங்கி வந்தால் அந்த நிமிடமே டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவான், சனி ஞாயிறுகூட வர மாட்டான். இரண்டு சுற்றையும் சுற்றினேன்.

நேற்று அவனைச் சக்கர நாற்காலியில் வைத்து என்னைத் தாண்டித்தான் கொண்டுபோனார்கள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை. டீச்சர் அவன் தோளில் கை வைத்திருந்தார். கேட்டைத் தாண்டி, தெருமுனை திரும்பும் வரைக்கும் நான் வாசலில் நின்றேன். நடக்க முடியாதவன் என்னை விட்டு எங்கே போய்விடுவான் என்றுதான் நினைத்திருந்தேன்.